பேய் – 2

முதல் பாகத்தின் பேய் கல்யாணமாகி
ஜொகூருக்குப் போய்விட்டது.
அதனால்தான் என்னிடம் வந்தார் குணாளன்,
பகலில் பள்ளிக்கூட வேன், ராத்திரியில் டைரக்டர்.
"உனக்கு முடி நீளம், நைட் சிஃப்ட் பழக்கம்.
வேற என்னம்மா வேணும்?"

முதல் பாகத்தை அவர் பயமுறுத்தத்தான் எடுத்தார்.
மோகினி அழுதுகொண்டே கிணற்றிலிருந்து ஏறும் இடத்தில்
பாடாங் செராயே விழுந்து விழுந்து சிரித்தது.
ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்காமல் வேன் ஓட்டினார்.
எட்டாம் நாள்,
"நான் எடுத்ததே காமெடிதானே" என்று
மாமாக் கடையில் சத்தமாகச் சொன்னார்.
அப்படிப் பிறந்ததுதான்
'பால்வாளி மோகினி, இரண்டாம் பாகம்'.

பட்ஜெட் நாலாயிரம் வெள்ளி.
அதில் எண்ணூறு, பூட்டுக்கடை லிம் கொடுத்தது.
பதிலுக்கு, மோகினி எந்த வீட்டுக்குள் புகுந்தாலும்
கதவில் அவர் கடைப் பூட்டு தெரியவேண்டும்.
பேய்க்கு எதற்குப் பூட்டு என்று கேட்டான்
வசனம் எழுதிய முகிலரசன்.
அன்றோடு விலகினான்.
மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டான்.

கைகளை நானே செய்தேன்.
எங்கள் கையுறைத் தொழிற்சாலை கழித்துப்போட்டவை,
எக்ஸ்எல் சைஸ்,
தண்ணீர் நிரப்பி மணிக்கட்டில் முடிச்சு.
நடந்தால் பத்து விரலும்
தனித்தனியாக யோசித்து ஆடின.

செம்பனைக் காட்டில் மூன்று ராத்திரி.
கொசு, பேயென்றும் பார்ப்பதில்லை.
இரண்டாம் ராத்திரி, தோட்டத்து நேப்பாளிக் காவலாளி
டார்ச் அடித்தார், என்னைப் பார்த்தார்,
மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.
பாவம் என்று நானே அதை ஆபீஸ் வரைக்கும்
தள்ளிக்கொண்டு போனேன்.
மேக்கப்பைக் கலைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

டேவானில் திரையிட்டோம்.
டிக்கெட் பத்து வெள்ளி, மீகூன் இலவசம்.
குணாளன் ஆறு மாதம் செதுக்கிய ஜோக்குகள்
ஒவ்வொன்றாய் வந்து
மின்விசிறிக் காற்றோடு போயின.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அதையும் அவர் சிரிப்பில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு அந்த இடம்.
திலகேந்திரன் கழுத்தை நான் நெரிக்கும்போது
என் இடது சுண்டுவிரல் ஒழுகுகிறது.
அது நாலாவது டேக். பேட்டரி கடைசிக் கோட்டில்.
அதனால் வெட்டவில்லை.
தண்ணீர் சொட்டிச் சொட்டி
அவன் கால்சட்டையின் சரியான இடத்தில் பரவுகிறது.
அவன் குனிந்து பார்க்கிறான்.
அது நடிப்பில்லை.
டேவானில் இரண்டு நாற்காலி உடைந்தது.
தமிழ் தெரியாத வங்காளதேசத்துப் பையன்கள்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்:
"மொத பாகம் மாதிரி இல்ல."
அண்ணன்மார் சொன்னார்கள், லிம் சொன்னார்,
முதல் பாகம் வந்தபோது பினாங்கு ஆஸ்பத்திரியில் கிடந்த
மீகூன்காரரும் சொன்னார்.
டைட்டிலில் என் பெயர் பரிமேகலா இல்லை.
'பேய் – 2' என்று போட்டிருந்தது.

காக் ரொஹானி, என் சூப்பர்வைசர்,
மூன்றாம் வரிசையில் கண்ணீர் வரச் சிரித்தவர்,
கூட்டத்தை விலக்கி வந்து என் கையைப் பிடித்தார்.
பாராட்டுக்குத் தலை குனிந்தேன்.
"அது நம்ம ரிஜெக்ட்தானே? எத்தனை எடுத்தாய்?"

திங்கள் ராத்திரி மறுபடி லைன்.
கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித்
தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்க்கவேண்டும்.
பதினொரு வருஷமாக இதுதான் வேலை:
ஒழுகும் கையைக் கண்டுபிடிப்பது.
வரிசையாக நாற்பது கைகள்,
வெள்ளை வெளேரென்று, உடம்பில்லாமல்.
பதினேழாவது கையின் சுண்டுவிரல்
மெல்ல ஒரு சொட்டு விட்டது.

ஆளில்லாத அந்த மூலையில்
எனக்குச் சிரிப்பு வந்தது. அடங்கவில்லை.
முடி அவிழ்ந்து விழுந்ததையும் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கமாக வந்த பெண்,
காட்மாண்டுவிலிருந்து போன வாரம்தான் இறங்கியவள்,
கணக்குப் பலகையைப் போட்டுவிட்டு
அலறிக்கொண்டு ஓடினாள்.

முதல் பாகத்தை
அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.